ஈசானியத்து ஒன்றரை அங்குலம்

பலகைக்குள் மெஷினின் வெட்டும் பிட் இறங்கிய அந்த முதல் நொடியில் நான் கத்தியே விட்டேன். பாடாலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே மரத்தில் வெட்டித் தரும் சிஎன்சி மெஷின் அங்கே இருக்கிறது. அது போடும் சத்தத்தில் என் கத்தல் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். மெஷின்காரருக்குக் கேட்டுவிட்டது. பதறிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"என்னாச்சு தங்கச்சி? கை கிய் பட்டுருச்சா?"

"ஒண்ணுமில்ல பாய். சந்தோசத்துல கத்திட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடியும் மெஷினை ஓட விட்டார்.

சந்தோசப்படாமல் எப்படி இருப்பது? பதினொரு வருடமாக அரியலூரில் ஓர் ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைகிறேன். சிமெண்டு ஆலைக்குள் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்துகொண்டு போகும் பெல்ட் இருக்கிறதே, அதன் உருளை, தாங்கி, சட்டம், போல்ட்டுத் துளை என்று நான் வரையாத உறுப்பு இல்லை. அதில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. எங்கோ வெட்டுவார்கள், எங்கோ மாட்டுவார்கள். வரைந்த கோடு என் கை படாமல் மெஷினில் பொருளாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன். திரையில் நான் போட்ட தாமரை, இதழ் இதழாகத் தேக்குப் பலகையில் எழுந்து வந்தது. மரத்தூள் பறந்து துப்பட்டாவெல்லாம் படிந்தது. உதறவே மனம் வரவில்லை. அப்படியே பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன்.

மர வேலை ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஷெட் இருக்கிறது. சைக்கிள், உடைந்த கட்டில், தேங்காய் மட்டை என்று கிடந்த இடம். அதில் ஒரு மேஜையைப் போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் அறுக்கப் பழகினேன். முதலில் செய்த செருப்பு ஸ்டாண்டு இன்றும் ஆடும். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கம்ப்யூட்டரில் வரைவது. அதை விட்டுவிட்டு எதற்குக் குத்துமதிப்பாக அறுக்கிறேன்? அடுத்த ஞாயிறு முதல் எதைச் செய்தாலும் முதலில் திரையில் செய்தேன். ஒவ்வொரு பலகையும் அரை மில்லிமீட்டர் சுத்தமாக, ஒவ்வொரு துளையும் அதனதன் இடத்தில். அதன்பின் செய்த எதுவும் ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு புத்தக அலமாரி, ஒரு சின்ன மேஜை என்று கேட்டு வாங்கிப் போனார்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் என் கணவர் என்னை 'மேஸ்திரியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு ஒரு பழைய கார் வாங்கும் ஆசை. பின்பக்கத்துச் சந்து வழியாக நேராக ஓட்டி வந்து நிறுத்த எங்களிடம் இருந்த ஒரே இடம் அந்த ஷெட்.

"ஞாயித்துக்கெழம ஒரு நாளு செய்யுற வேலைக்கு ஒரு ஷெட்டா? மேஜையத் தூக்கி மாடில போட்டுக்கயேன்" என்றார்.

மாடியில் மரத்தை வெயிலிலும் மழையிலும் போட்டால் என்ன ஆகும் என்று விளக்கினேன். வெயிலிலும் மழையிலும் கார் நின்றால் என்ன ஆகும் என்று அவர் விளக்கினார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. அந்த நேரத்தில்தான் செந்துறையிலிருந்து அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, போன் செய்தார். தெரிந்தவர்கள் கேட்டால் நான் வீட்டுப் பிளானும் போட்டுக் கொடுப்பேன்; அவர்கள் புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்ததே நான்தான். இப்போது பூஜை அறைக்கு ஓர் அலமாரி வேண்டும். சுவருக்குச் சுவர் நிறைய வேண்டும், தேக்கில் கதவு வேண்டும், கதவில் தாமரை வேண்டும், கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்ததெல்லாம் தூக்கி இடம் மாற்றி வைக்கக்கூடிய சாமான்கள். இது ஒரு வீட்டோடு ஒட்டி நிற்கப்போகும் அலமாரி. வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடப்போகும் இடம். அந்த உற்சாகத்தில் வாயும் சும்மா இருக்கவில்லை. கணவரிடம் போய், "பூஜை ரூம் வாசல்ல நின்னு பாருங்க. ஒரே ஒரு கொறை தெரிஞ்சாலும் ஷெட்டு உங்க காருக்கு. நானே காலி பண்ணித் தரேன். ஒண்ணும் தெரியலன்னா ஷெட்டு எனக்கு, அப்பறம் பேச்சே கூடாது" என்றேன்.

அவர் இப்படி ஒரு பந்தயம் கேட்கவே இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

அளவெடுக்கச் செந்துறை போனேன். பூஜை அறை வீட்டின் வடகிழக்கு மூலையில், நான் பிளானில் போட்ட அதே இடத்தில் இருந்தது. மேற்கே வாசல், நேர் எதிரே கிழக்குச் சுவர், அந்தச் சுவரை ஒட்டி அலமாரி. வாசலுக்கு உள்ளே நின்று டேப்பை இழுத்தேன். நாலரை அடி. என் பிளானிலும் நாலரை அடி. எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் திரையில் போட்ட எண் செங்கல்லாக நிற்கிறது! அந்தப் பூரிப்பில் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மற்ற அளவுகளைத்தான் நானே வரைந்து வைத்திருக்கிறேனே.

கிரகப்பிரவேசம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, பாடாலூரில் வெட்டி வாங்கிய பலகைகளை எல்லாம் குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, அரியலூர் வழியாகச் செந்துறை போய் இறங்கினேன். கணவர் பைக்கில் பின்னாலேயே வந்தார். பலகைகளை அறைக்குள் வைத்துத்தான் ஒன்றோடொன்று பூட்ட வேண்டும். வெளியே பூட்டினால் வாசலில் நுழையாது. ஒரு மணி நேரத்தில் பூட்டி முடித்தேன். ஒரு துளைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் சுண்டு விரலால் திருப்பினாலே உள்ளே போனது. கதவை மாட்டினேன். இரண்டு தாமரையும் ஒரே மட்டத்தில் நின்றன. பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது. பாடிக்கொண்டே அலமாரியைக் கிழக்குச் சுவரோடு தள்ளினேன்.

வலது பக்கம் சுவரோடு ஒட்டியது. இடது பக்கம் ஒட்டவில்லை.

முன்னால் விரல் நுழையும் அளவு இடுக்கு. பின்னால் போகப் போக அது அகன்றது. நான் எதையோ தப்பாக வெட்டிவிட்டேன் என்று அலமாரியை அளந்தேன். சரியாக இருந்தது. கிழக்குச் சுவரை அளந்தேன். நாலரை அடியும் ஒன்றரை அங்குலமும். திரும்ப அளந்தேன். அதே ஒன்றரை அங்குலம்.

வெளியே படிக்கட்டுப் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் ஒரு பார்வை பார்த்தார்.

"ஈசானியத்த ஒன்றரை இஞ்சு வளத்து வுட்டுருக்கேன்மா" என்றார், சோற்றுக்கு உப்புப் போட்டிருக்கிறேன் என்பதுபோல.

"பிளான்ல அப்படி இல்லீங்களே."

"பிளான்ல எதுக்கு இருக்கணும்? அதான் கொத்தனாருக்குத் தெரியும்ல. வடகெழக்கு வளரலாம், கொறையக் கூடாது. சரியா தொண்ணூறு டிகிரி புடிக்கிறேன்னு போயி ஒரு நூலு கொறஞ்சுட்டா வூட்டுக்கு ஆவுமா?"

எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இது தெரியாதவர் இந்தப் பக்கம் யார்? ஈசானிய மூலையை ஓர் அங்குலமாவது வெளியே தள்ளிக் கட்டாத கொத்தனார் எங்கள் ஜில்லாவில் இருக்கிறாரா என்ன? எந்தப் பிளானிலும் அது இருக்காது. எந்த வீட்டிலும் அது இல்லாமல் இருக்காது. எத்தனையோ வீட்டுப் பிளான் போட்டுக் கொடுத்த நான், என் படத்தை நானே நம்பி, ஓர் இடத்தில் மட்டும் டேப்பை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"நல்லாருக்கும்மா! அந்த இடுக்கா? அது கெடக்குது. மஞ்சத் துணி ஒண்ணத் தொங்க வுட்டா யாரு பாக்கப்போறா? ஒரு பொம்பள செஞ்சதுக்கு இம்புட்டு வந்ததே பெருசு."

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. கொத்தனாரும் தன் பங்குக்கு, "ரெண்டு கரண்டி கலவை வச்சு மூடிரலாம், வெள்ளை அடிச்சா தெரியாது" என்றார். இருவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அது எனக்குத் தெரிந்தது. கோபம் அதனால் கூடத்தான் செய்தது.

டீ வாங்கப் போயிருந்த கணவர் வந்து வாசலில் நின்றார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பிரமாதம்! மேஸ்திரியம்மா, ஜெயிச்சுட்ட போ."

அவருக்கு இடுக்கு தெரியவே இல்லை. அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஷெட் என்னுடையது. மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"எடது பக்கம் பாருங்க."

"என்னா?"

"எவ்ளோ இடுக்கு பாருங்க. தோத்துட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். டீ டம்ளரை என்னிடம் நீட்டினார். "வெள்ளிக்கெழம வரைக்கும் நாள் இருக்குல்ல? ஆட்டம் முடியறதுக்குள்ள நீயே எதுக்கு விசில் ஊதுற?"

அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குள் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. துணியும் கிடையாது, கலவையும் கிடையாது. கொத்தனாரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். அறையின் நாலு பக்கம், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு, வடக்குச் சுவரில் தரையோரம், இடுப்பளவு, தலைக்கு மேல் என்று மூன்று உயரத்தில் மூன்று. "இத்தன அளவு பள்ளிக்கூடம் கட்டக்கூட எடுத்ததில்ல" என்று முணுமுணுத்தார். ஆனால் டேப்பை விடவில்லை.

மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸில் நல்லவேளையாக உட்கார இடம் கிடைத்தது. மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். வரையும் புரோகிராமில், கோடுகள் எப்போதும் நேராகவும் குறுக்காகவும் மட்டுமே போகும்படி ஒரு பூட்டு உண்டு; பதினொரு வருடமாக என் படங்களில் அது பூட்டியே கிடக்கும். அன்று அதைத் திறந்துவிட்டு, அந்த அறையை உள்ளபடியே வரைந்தேன். வடக்குச் சுவர் சற்றே வெளியே சாய்ந்து கிழக்கே ஓடியது. உண்மையான ஒரு வீட்டை முதல் தடவையாக வரைந்திருக்கிறேன்! அதற்கு முன்னால் வரைந்ததெல்லாம் வீட்டைப் பற்றிய என் ஆசை.

கோண வீட்டுக்குக் கோண அலமாரி. மேல்பலகை, கீழ்ப்பலகை, இரண்டு தட்டு என நான்கையும் முன்னால் குறுகலாகவும் பின்னால் அகலமாகவும் மாற்றினேன். முதுகுப் பலகையை அகலமாக்கி, உள்ளே கொண்டுபோக வசதியாக இரண்டு துண்டாக்கினேன். கதவுகள் தேக்கு, திரும்ப வெட்ட முடியாது. அவற்றுக்கு நடுவில் ஓர் அங்குலத் தேக்குச் சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் சின்னப் பித்தளை மணிகளைத் தொங்கவிட்டு, கூடின அகலத்தைச் சமாளித்தேன். சந்தோசமாகத் திரையில் அலமாரியைப் பூட்டி, அறைக்குள் தள்ளிப் பார்த்தேன். போகவில்லை! பின்பக்கம் அகலம், வாசல் பக்கம் அறையே குறுகல். அப்படியே தள்ளினால் எப்படிப் போகும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, எதுனா தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, உள்ள போவ மாட்டேங்குது" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் அரியலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது விடை கிடைத்தது. இரண்டு பக்கப் பலகைகளையும் முதலில் சுவரோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு தட்டையும் ஒரு முனை உயர்த்தி, மேலிருந்து சாய்த்து இறக்கி, மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். திரையில் இறக்கிப் பார்த்தேன். இறங்கியது. அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். வண்டி இன்னும் நிற்கவில்லை என்று கண்டக்டர் அதட்டினார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாடாலூர் ஓடினேன். பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வளைகுடாவில் பதினாலு வருடம் இதே மெஷினை ஓட்டிவிட்டு வந்து சொந்தமாகப் போட்டவர். ஃபைலைத் திறந்து நெற்றியைச் சுருக்கினார்.

"தங்கச்சி, ஃபைல் கெட்டுப்போச்சு போல. செவ்வகம் எல்லாம் கோணலா வந்துருக்கு."

"கெடல பாய். கோணல் வேணும்னுதான் போட்டுருக்கேன்."

"அங்க பதினாலு வருசத்துல கோணலா வெட்டிக் குடுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை என் அளவுகளை அவரே கூட்டிக் கழித்துச் சரிபார்த்தார். "இன்ஷா அல்லாஹ், உக்காந்துரும்" என்று பலகையை ஏற்றினார்.

வியாழக்கிழமையும் லீவு போட்டு, புதுப் பலகைகளோடு செந்துறை போனேன். அண்ணி வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய தட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கப் பலகைகளையும் முதுகுப் பலகையின் இரண்டு துண்டையும் சுவரோடு நிறுத்தினேன். கணவர் ஒரு பக்கம், கொத்தனார் ஒரு பக்கம். முதல் தட்டைச் சாய்த்து இறக்கினோம். பாதியில் நின்றது. "லேசா ஒங்க பக்கம் தூக்குங்க" என்றேன். கணவர் தூக்கினார். தட்டு சின்னதாக ஒரு சத்தம் போட்டு உட்கார்ந்தது. அடுத்தது. அடுத்தது. மேல்பலகை. கடைசியாகக் கதவு, நடுச்சட்டம், மணிகள்.

கொத்தனார் போய், சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டை எடுத்து வந்தார். இடது பக்கம் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகப் பார்த்தார். மேலே போகவில்லை. நடுவில் போகவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழே செருகினார். அங்கேயும் போகவில்லை.

"அந்தப் படத்தக் காட்டும்மா" என்றார்.

போனில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, வடகிழக்கு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். சாய்ந்து ஓடும் சுவர். அதன் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் என்று எழுதிய அளவு. அதை வாய்விட்டுப் படித்தார்.

"இருவத்தாறு வருசமா வளத்து வுட்டுக்கிட்டு இருக்கேன். இத ஒருத்தரும் பேப்பர்ல போட்டதில்லம்மா" என்றார். "எனக்கு ஒண்ணு அனுப்பி வுடு. எம் மவங்கிட்ட காட்டணும்."

அங்கேயே நின்று அனுப்பினேன். படிப்பு முடித்து வாங்கிய சான்றிதழுக்குக்கூட நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

வெள்ளி விடிகாலை. பசு வந்து போனது, பால் பொங்கியது, ஹோமப் புகை வீடெங்கும் நிறைந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாகப் பூஜை அறை வாசலில் நின்று கும்பிட்டார்கள். ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "அலமாரி எந்த ஊரு ஆசாரி செஞ்சது?" என்று அண்ணியைக் கேட்டது என் காதில் விழுந்தது. அண்ணி கரண்டியும் கையுமாகத் திரும்பி என்னைக் காட்டினார்.

"அந்தா நிக்கிறாங்கள்ல, அவங்களக் கேளுங்க. ஆனா ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கெடைப்பாங்க. மொத ஞாயிறு எனக்கு, கிச்சன் பாக்கியிருக்கு."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைத் தேடினேன். அவர் பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கும்பிடவில்லை. போன தடவை போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாராட்டவும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே. இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வலது ஓரம். கதவு இடைவெளி. குனிந்து அடிப்பலகை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு கொறை தெரியுதே" என்றார்.

"என்னங்க?"

"உள்ள முருகன் படம் கோணலா இருக்கு."

"அது அண்ணி மாட்டுனது!"

"அப்ப சரி" என்று நிமிர்ந்தார். "ஷெட்ட எடுத்துக்கோ. காரு வெயில்ல நிக்கட்டும்."

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. பிறகு உள்ளே போய் என் அலமாரியின் கதவைத் திறந்து, முருகனை நேராக மாட்டினேன்.